நிலக்கிழார் மனைவியின் குள்ள நடை

லியூகோவ் மாவட்ட நாடகக் குழு, ஷான்சி
1971 அக்டோபர் 12

அண்ணா,

ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. நல்ல செய்தி: நேற்று ஷிபான் கிராமத்தில் ஊரே எழுந்து நின்று “ஹாவ்! ஹாவ்!” என்று தொண்டை கிழியக் கத்தியது. எங்கள் நாடகத்துக்கு இப்படி ஒரு சபாஷ் இதுவரை விழுந்ததில்லை. கெட்ட செய்தி: அது எனக்கு விழுந்தது.

நான் வில்லி அண்ணா. வில்லிக்கு சபாஷ் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

நீ வடகிழக்குப் பண்ணைக்குப் போனபின் வந்த நாடகம் என்பதால் சொல்கிறேன். பெயர் ‘ஊற்று திறந்த நாள்’. மாவட்டமே உட்கார்ந்து எழுதியது. நிலக்கிழாரின் மனைவி ஊர் ஊற்றைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிகிறாள். ஏழைக் கூலி ஒருவன் பூட்டை உடைத்து ஊருக்குத் தண்ணீர் விடுகிறான். கூலியாக நடிப்பவன், நம் குழுவின் யான். பூட்டியவள், நான். எல்லோருக்கும் முன்மாதிரி என்று தலைநகரம் அனுப்பும் நாடகங்களில் இருப்பதுபோலத்தான் எங்களுக்கும் சட்டம். நாயகன் நடுவில், உயரத்தில், சிவப்பு வெளிச்சத்தில். வில்லி ஓரத்தில், தாழ்வில், பச்சை வெளிச்சத்தில், நெற்றிப் பொட்டில் தலைவலிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு.

சிக்கல் எங்கே என்றால், யானுக்குக் குரல் மலை உயரம், ஆள் மிளகாய்ச் செடி உயரம். நானோ நீ போனபிறகும் நிறுத்தாமல் வளர்ந்துகொண்டே இருக்கிறேன். ஒத்திகை பார்க்க வந்த எங்கள் குழுத் தலைவர் ஹாவ் பதறிப்போனார். அவர் தானியக் கிடங்கிலிருந்து கலைக்கு மாற்றப்பட்டவர். மூட்டையை அடுக்குவதுபோல எங்களையும் உயர வரிசையில் பார்ப்பார்.

“என்னம்மா இது, சுரண்டுறவ பனை மாதிரி நிக்கிறா, பாட்டாளி அவ தோளுக்குக் கீழ இருக்கான்? குள்ளமாகு!”

“எப்படித் தலைவரே?”

“முழங்கால மடக்கு!”

கட்டளை. மடக்கினேன். பாதி மடக்கியபோதும் யான் தலைக்கு மேலேதான் நின்றேன். “இன்னும்!” என்றார். முழுக்க மடக்கினேன். குதிகால் தூக்கி, முதுகு நிமிர்த்தி, அங்கிக்குள் குந்தியபடியே நகர்ந்தேன். “ஆங், அப்படித்தான்!” என்று கைகொட்டினார். அவருக்குத் தெரியாது, அது என்னவென்று. குழுவில் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யானின் காது மட்டும் சிவந்தது.

குள்ள நடை அண்ணா! பழைய மேடைக் கோமாளிகளின் குள்ள நடை. பழைய நாடகங்களைத் தடைசெய்தபின் ஐந்து வருஷமாக ஒரு மேடையிலும் யாரும் பார்க்காதது. தலைவரே கட்டளையிட்டு நடக்க வைத்தார்.

ஷிபான் கிராமத்தில் மூன்றாம் காட்சியில் சாவியைக் குலுக்கிக்கொண்டு ஊற்றைச் சுற்றி ஓடினேன். முதல் சுற்றில் ஊர் மூச்சை நிறுத்தியது. இரண்டாம் சுற்றில் முன்வரிசைக் கிழவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். தாளம் முடிந்து நான் சட்டென நின்றதும் வந்தது பார், “ஹாவ்!” மேடைத் திரையே நடுங்கிற்று. தலைவர் ஹாவ் தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து, தொப்பியைக் கழற்றி ஊருக்கு வணக்கம் சொன்னார். ஊர் எழுந்தது, தலைவர் எழுந்தார், நான் மட்டும் குந்தியிருந்தேன்.

பள்ளியில் கோமாளி வகுப்பில் இருந்த ஒரே பெண் நான். ஞாபகம் இருக்கிறதா, பெண்கள் வேடப் பெட்டிமேல் உட்காரக் கூடாது, கோமாளி மட்டும் எந்தப் பெட்டிமேலும் உட்காரலாம் என்பார்கள். நான் இரண்டும் என்பதால் ஓரமாக உட்காருவேன். நேற்று நடுவில் உட்கார்ந்தேன் அண்ணா. யாரும் எழுப்பவில்லை.

அம்மா உனக்குப் பருத்தித் துணியில் செருப்பு தைக்கிறாள். இடது கால் முடிந்துவிட்டது. பனி வருவதற்குள் வலது காலும் வளர்ந்துவிடும்.

உன் தங்கை,
சுயிலிங்


மூன்றாம் அணி, படைப் பண்ணை, ஹெய்லோங்ஜியாங்
1971 அக்டோபர் 30

தோழர் மியாவ் சுயிலிங்குக்கு,

புரட்சி வணக்கம். கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். சோயா அறுவடை திட்டமிட்டதற்கு மேலாக நடக்கிறது.

உனக்கு மூளை இருக்கிறதா?

இங்கே வீட்டுக் கடிதம் என்றால் அறையே கூடிவிடும். ஒருவன் கடிதத்தைப் பிரித்தால் பதினொரு பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். ஷாங்காய்க்காரன் லூ உன் கடிதத்தைப் பிடுங்கிச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினான். ‘பிளாஸ்திரி’ வரை வந்துவிட்டான். நல்லவேளை, சாப்பாட்டு மணி அடித்தது. இன்னும் அரைப் பக்கம் போயிருந்தால் நீ எந்த நடை நடந்தாய் என்று அணி முழுக்கத் தெரிந்திருக்கும். நான் யார் என்றும் தெரிந்திருக்கும். இங்கே நான் ‘மாணவன்’. அவ்வளவுதான். நாடகப் பள்ளியில் மேளம் அடித்தவன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

ஒன்றை மறந்துவிட்டாய். வீட்டுக்கு ஒருவர் பண்ணைக்குப் போக வேண்டும் என்று வந்தபோது உன் பெயரைத்தான் முதலில் எழுதினார்கள். நான் போனேன். நீ அந்த மேடையில் நிற்க வேண்டும் என்றுதான் போனேன். அந்த இடம் போனால் நீ செங்கல் சூளைக்குப் போவாய். நான் இங்கே பனியில் நிற்பதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். ஆகவே நாளை முதல் நிமிர்ந்து நட. யான் குள்ளமாக இருப்பது உன் குற்றம் அல்ல. மேளத்தைப் பற்றியோ நடையைப் பற்றியோ இனி எழுதாதே.

அம்மாவின் செருப்புக்கு நன்றி.

மியாவ் ஹெங்

கேட்க மறந்தது: ஊற்றை எத்தனை சுற்று சுற்றினாய்? அங்கி தரையைத் தொட்டதா, காற்றில் நின்றதா? மேளம் அடித்தது குவோவா? அவன் கடைசி அடிக்கு எப்போதும் பிந்துவான். இதற்கும் பதில் எழுத வேண்டாம்.


லியூகோவ்
1971 நவம்பர் 19

மாண்புமிகு தோழர் மாணவர் மியாவ் ஹெங் அவர்களுக்கு,

எதிர்-புரட்சி வணக்கம். (இதை லூ படிக்க மாட்டான் என்று நம்புகிறேன். படித்தால்: அண்ணா, லூ என்ற அந்த நல்லவருக்கு என் அன்பைச் சொல்.)

மூன்று சுற்று. அங்கி காற்றில் நின்றது. குவோதான், பிந்தினான். பதில் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை, தானாக விழுந்துவிட்டது.

உன் அறிவுரைப்படி நிமிர்ந்தேன். விளைவைக் கேள்.

நான் நிமிர்ந்தால் யான் காணாமல் போகிறான். முதலில் அவனை ஒரு கல்மேல் நிறுத்தினார்கள். பூட்டை உடைக்கப் போக அவன் கல்லை விட்டு இறங்க வேண்டும். இறங்கினதும் பாட்டாளி வர்க்கம் பாதியாகிவிட்டது. பிறகு என்னைக் குழியில் நிறுத்தப் பார்த்தார்கள். எந்த ஊரிலும் மேடையில் குழி தோண்ட விடவில்லை. கடைசியில் தலைவர் ஹாவ் சரக்கறையைத் திறந்து ஒரு ஜோடி காலணி கண்டுபிடித்தார். அடிப்பகுதி செங்கல் தடிமன். கறுப்புச் சாயம் பூசி யானுக்கு மாட்டினார்.

அது யாருடைய காலணி என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். பழைய நாடகத்தில் அரசர்கள் போடுவது! ஏழைக் கூலி கந்தல் சட்டையோடு, பேரரசர் காலில், நிமிர்ந்து நடந்து வந்தான். அந்தக் காலணியில் வேறு மாதிரி நடக்கவே முடியாது அண்ணா. கால் தானாக அகலும், வயிறு தானாக முன்னே வரும். “ஊரே, தண்ணீர் நம் உரிமை!” என்று அவன் பாடியபோது ஏதோ வரி வசூலிக்க வந்தவன்போல இருந்தது. சிரிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஊற்றுப் படியில் தடுக்கினான். விழுந்தான். நேரே என்மேல். நிலக்கிழார் மனைவி பாட்டாளியைத் தாங்கிப் பிடித்தாள். பிடிக்காமல் விட்டிருந்தால் பல் போயிருக்கும். பிடித்ததால் என் மானம் போயிற்று.

மறுநாள் விமர்சனக் கூட்டம். ஷிபான் ஊர்க்காரர்களையும் வரவழைத்தார்கள். நடத்தியது பிராந்தியத்திலிருந்து வந்த செயலர் பெய். ஒல்லி, அமைதி, கண்ணாடி. கேள்வியைக் கேட்டுவிட்டுக் காதைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். பதிலை முகத்தில் தேடுவதில்லை, குரலில் தேடுகிறார்.

“வில்லிக்கு ஏன் சபாஷ் போட்டீங்க?”

ஊர் தரையைப் பார்த்தது. கொல்லர் மனைவி மட்டும் எழுந்தாள். அவள் கை ஒவ்வொன்றும் உலைத் துருத்தி மாதிரி.

“தோழரே, எங்க ஊரு பண்ணையார் பொண்டாட்டி எங்களத் தலை நிமிந்து பாக்க விட்டதில்ல. அந்த வர்க்கம் முழங்கால் அளவுக்குக் குட்டையாகி ஓடுறத இப்பத்தான் பாத்தோம். சந்தோஷம் தாங்கல, கத்திட்டோம். அது வர்க்க வெறுப்பு.”

“வெறுப்புன்னா ‘த்தூ’ன்னுதான கத்துவாங்க? ‘ஹாவ்’னு ஏன்?”

“ரொம்ப வெறுத்தோம் தோழரே. வாய் குழறிடுச்சு.”

கூட்டம் இருமியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல். செயலர் பெய் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. புத்தாண்டுக்குப் பிறகு மறுபடி வந்து பார்ப்பாராம். அன்று வில்லி நாயகனைவிட உயர்ந்து நிற்கக் கூடாது. வில்லிக்கு சபாஷ் விழவும் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் என் இடம் வேறொருத்திக்கு. எனக்கு செங்கல் சூளை. குனிந்தால் குற்றம், நிமிர்ந்தால் பெருங்குற்றம்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் ‘உனக்காகப் போனேன்’ என்கிறாய். நான் கேட்டேனா? என் மூட்டையை நான் கட்டி வைத்திருந்தேன். நீ அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். என் கம்பளிக் காலுறை இரண்டும் அதில்தான் இருந்தன. உன் தியாகத்தைச் சுமந்துகொண்டு குள்ள நடை நடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

என்ன செய்யட்டும், சொல். மாணவனாகச் சொல்லாதே.

சுயிலிங்


மூன்றாம் அணி
1971 டிசம்பர் 8

சுயி,

உன் காலுறை என் காலுக்குப் பற்றவில்லை. குதிரைக்காரன் கைக்குப் போட்டுக்கொள்கிறான்.

நான் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பேரரசர் காலணியைப் படித்துவிட்டு சோளக் கஞ்சியை மூக்கால் விட்டேன். லூ “என்னடா” என்றான். “வீட்ல எல்லாரும் நலம்” என்றேன்.

சரி, கேள். நடை உன் காலில் இருக்கிறது என்று நீ நினைக்கிறாய். எப்போதும் அப்படித்தான் நினைப்பாய். ஆனால் ‘ஹாவ்’ எப்போது விழுந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய்: மூன்று சுற்று ஓடியபோது இல்லை, தாளம் முடிந்து நீ சட்டென நின்றபோது. ஓடும்போது ஊர் மூச்சை இழுத்து வைத்திருக்கும். கடைசி அடி விழுந்து ஒருவர் சிலையாக நிற்கும் அந்தக் கணத்தில்தான் விடும். அந்தக் கணத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த மூச்சு. யார் ஓடினார்கள் என்று ஊர் யோசிப்பதில்லை.

ஆகவே நட. முழுக் குள்ள நடை. மூன்று சுற்று அல்ல, ஐந்து. குறைக்காதே, குறைத்தால் ஊர் மூச்சே இழுக்காது. யான் தன் சொந்தச் செருப்பில், நடுவில், கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கட்டும். நீ அவனைச் சுற்று. ஐந்தாம் சுற்றில், கடைசி அடிக்கு முந்தின அடியில், நீ நழுவி அவன் காலடியில் தலை கவிழ்ந்து விழு. பூட்டை உடைப்பதற்குப் பதில், கடைசி அடியில் அவன் சாவியைப் பறித்துத் தூக்கி, நின்றுவிட வேண்டும்.

‘ஹாவ்’ அவன்மேல் விழும்.

குவோவிடம் சொல்: கடைசி அடி பிந்தினால் எல்லாம் போச்சு. அவனுக்குப் புரியும்படி இதோ: தொம் தொம் தக, தொம் தொம் தக, தக தக தக தக, ஒரு மூச்சு வெற்றிடம், தொம். அந்த வெற்றிடத்தில் நீ விழுகிறாய். தொம்மில் அவன் நிற்கிறான். மேசையில் விரலால் தட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இரண்டு வருஷமாகியும் விரல் மறக்கவில்லை.

இந்தத் தாளம் உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளி முற்றத்து சீமைப்பனிச்சை மரத்தைச் சுற்றி நீ ஓட, நான் கட்டினது. பாடத்தில் இருந்த தாளம் பையன்களின் எடைக்குக் கட்டியது. உனக்கு அது கனம். அதனால் புதிதாகக் கட்டினேன். வாத்தியார்கள் யாருக்கும் தெரியாது.

உன் சபாஷைத் தூக்கி அடுத்தவனுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். வலிக்கும். எனக்கே வலிக்கிறது. ஆனால் இடம் உன்னுடையதாக இருக்கும்.

ஹெங்


லியூகோவ்
1972 ஜனவரி 21

அண்ணா,

உன் கடிதத்தைக் கசக்கி அடுப்பில் போடப் போனேன். ஐந்து சுற்றும் நான் ஓட, கடைசியில் கையைக் கட்டி நின்றவன் சபாஷ் வாங்குவதா? அவன் செய்யும் வேலையை அந்த ஊற்றுக் கல்லும் செய்யும்! ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அம்மா நான் காய்ச்சலில் இருப்பதாக நினைத்து இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். நான் வாயை மூடியிருந்தால் வீட்டில் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பிறகு யானே வந்தான். “சுயி, எனக்கு ஒண்ணும் வேணாம், அந்தக் காலணிய மட்டும் கழட்ட வச்சிரு. குதிகால்ல ரத்தம்” என்றான். அந்தக் காலணிக்குள் இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்திருந்தான். அதைப் பார்த்ததும் கோபம் பாதி போயிற்று. மீதிப் பாதியை ஒத்திகையில் ஓடித் தீர்த்தேன்.

செயலர் பெய் வந்தார். மாவட்ட மண்டபம் நிரம்பி, ஜன்னலிலும் ஆட்கள். மூன்றாம் காட்சி. சாவியைக் குலுக்கினேன். முதல் சுற்று. அங்கி மிதந்தது அண்ணா, தரைக்கும் அதற்கும் இடையே ஒரு சுண்டெலி போகலாம். ஐந்தாம் சுற்றில் என் தொடை எரிந்தது, மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. வெற்றிடம். விழுந்தேன். என் நெற்றி பலகையில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. தொம். குவோ பிந்தவில்லை!

“ஹாவ்!”

யான் சாவியைத் தூக்கிக்கொண்டு நின்றான். சபாஷ் அவன் மார்பில் மோதி, அவன் ஒரு அடி பின்னால் போனான். வாழ்நாளில் அவனுக்கு இப்படி விழுந்ததே இல்லை. அவன் அழுதான் அண்ணா, மேடையில், சாவியைப் பிடித்துக்கொண்டு. மண்டபம் அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை கத்தியது. நான் அவன் காலடியில் கவிழ்ந்து கிடந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லதாயிற்று, நிலக்கிழார் மனைவி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இத்தோடு கடிதத்தை முடிக்கலாம் என்றால், என் வாய் இருக்கிறதே.

காட்சி முடிந்ததும் செயலர் பெய் மேடைக்குப் பின்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. குவோவைத்தான் பார்த்தார்.

“உயரம் சரி. சபாஷும் சரியான ஆளுக்குப் போச்சு. ஆனா அந்தத் தாளம் யாரோடது? பழைய மேடைத் தாளமா?”

குவோ மேளத்தோடு மேளமாக உறைந்துபோனான். தலைவர் ஹாவ் கூரையைப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். பழையது என்று அவர் எழுதிவிட்டால் நடையும் போச்சு, நானும் போனேன்.

“என் அண்ணன் கட்டினது. புதுசு,” என்றேன்.

“அண்ணன் எங்க?”

சொன்னேன். பண்ணை, அணி, எல்லாம். நீ மறைத்து வைத்ததை ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டேன். அவர் உன் அணிக்குக் கேட்டு எழுதப் போகிறார். நீ ‘எனக்கு மேளம் தெரியாது’ என்றால் நான் பொய்காரி. ‘பழையது’ என்றால் பழைய விஷத்தைப் பரப்பினவள். இரண்டுக்கும் சூளைதான். ‘என்னுடையது’ என்றால், அங்கே உன் நிலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, நீ என்ன பதில் சொன்னாலும் நான் சண்டை போட மாட்டேன். இது சத்தியம். செங்கல் அறுக்கவும் குந்தித்தான் உட்கார வேண்டுமாம். எனக்குப் பழக்கம்.

சுயி

வலது செருப்பு முடிந்தது. தனியாக அனுப்புகிறோம்.


மூன்றாம் அணி
1972 பிப்ரவரி 17

சுயி,

உன் கடிதமும் செயலர் பெய்யின் கடிதமும் ஒரே தபால் பையில் வந்தன. நீ எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் அணியின் அரசியல் வழிகாட்டி தூ என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

தூ இந்தப் பக்கத்து ஆள். கரடி அளவு. காடு அழித்து வயலாக்கியவர்களில் ஒருவர். பேசினால் அடுப்புக் குழாய் அதிரும். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கடிதத்தை நீட்டினார்.

“மாணவன்னு சொன்ன. இங்க மேளக்காரன்னு எழுதியிருக்கு. எது நிஜம்?”

அணி முழுக்க என்னைப் பார்த்தது. லூ வாயில் வைத்த கோதுமை ரொட்டியை மெல்லவில்லை. சுயி, நான் நேர்மையாகச் சொல்கிறேன்: ‘மாணவன்’ என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் உன் அங்கிக்கும் தரைக்கும் இடையே சுண்டெலி போகலாம் என்று எழுதியிருந்தாயே. கோமாளி வகுப்புப் பையன்கள் ஒருவனுக்கும் அங்கி அவ்வளவு மிதந்ததில்லை. அது என் தாளத்தில் மிதந்தது. அதை இன்னொருவனுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“மேளக்காரன்தான். அந்தத் தாளம் என்னோடது.”

“பழசா புதுசா?”

“நடை பழசு. தாளம் நான் கட்டினது. என் தங்கச்சிக்காக.”

லூ மேசைக்கடியில் என் காலை மிதித்தான். ‘பழசு’ என்று ஏன் சொன்னாய் என்று அர்த்தம். தூ தாடையைச் சொறிந்தார்.

“அடிச்சுக் காட்டு.”

மேளம் இல்லை. முகம் கழுவும் எனாமல் பேசினைக் கவிழ்த்தேன், இரண்டு சாப்பாட்டுக் குச்சி எடுத்தேன். முதலில் விரல் தடுமாறியது. அப்புறம் தடுமாறவில்லை. தக தக தக தக வந்தபோது கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. வெற்றிடம். எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். தொம்! லூ, ஷாங்காயில் பிறந்தவன், எங்கள் பக்கத்து நாடகத்தை வாழ்நாளில் பார்க்காதவன், “ஹாவ்!” என்று கத்தினான். கத்திவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டான்.

தூ என் கையிலிருந்த குச்சிகளை வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்:

“அந்த நடைய முன்னாடியெல்லாம் யாரு நடப்பா?”

“கோமாளிங்க. ஆம்பளைங்க மட்டும்.”

“பொம்பளைங்க?”

“வேடப் பெட்டிமேல உக்காரவே விடமாட்டாங்க.”

“உன் தங்கச்சி ஜனங்க முன்னாடி, ஊர் ஊரா, அத நடக்கறா?”

“ஆமா.”

“அப்புறம் அது எப்படிடா பழசாகும்?” என்று மேசையைக் குத்தினார். “எங்கம்மாவுக்குச் சின்ன வயசுலயே பாதத்த மடக்கிக் கட்டிட்டாங்க, பொம்பளக் கால் வளரக் கூடாதுன்னு. இந்த மேசையச் சுத்தி ஒரு தடவ நடக்க சுவத்தப் புடிப்பா. ஒரு பொண்ணு குந்திக்கிட்டே அஞ்சு சுத்து ஓடுறான்னா, அத எவன்டா பழசுங்கறது? பேனா எங்க?”

அவரே எழுதினார். அவர் கையெழுத்து மண்வெட்டியால் எழுதியதுபோல இருக்கும். நடையையும் தாளத்தையும் தான் கேட்டறிந்ததாகவும், இரண்டும் புதிய சமூகத்தின் ஆக்கம் என்றும் எழுதி, அணி முத்திரையைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தினார்.

அவர் சொன்னது முழுக்க உண்மையா என்று எனக்குத் தெரியாது. அந்த நடையை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களை மேடையிலிருந்து இறக்கியதும் இதே காலம்தான். அது எனக்கு மறக்காது, உனக்கும் மறக்கக் கூடாது. ஆனால் உன்னை மேடை ஏற்றியதும் இதே காலம்தான். இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு எப்படித் தாளம் போடுவது என்று இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வசந்த விழாவுக்கு அணியின் கலைக்குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பேசின் போய் மேளம் வந்திருக்கிறது. தோல் தளர்ச்சி. பரவாயில்லை, அடுப்பருகே வைத்து இறுக்குகிறேன்.

என்ன முடிவு வந்தது? உடனே எழுது.

ஹெங்


லியூகோவ்
1972 ஏப்ரல் 9

அண்ணா,

எழுத நேரமில்லை என்று நான் சொன்னால் நம்புவாயா? நம்பு. இதை எழுதும்போதும் வெளியே இருபது பேர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உன் தூவின் மண்வெட்டிக் கடிதம் செயலர் பெய்யிடம் போயிற்று. அவர் இரண்டு நாள் கழித்து வந்தார். வந்து, குழு முன்னால் என்னை நிற்க வைத்துக் கேட்டார்: “இந்த நடைய நீ எங்க கத்துக்கிட்ட?” நீ அங்கே மறைக்காமல் சொன்னபின் நான் இங்கே மறைப்பதா? “பள்ளியில, கோமாளி வகுப்புல” என்றேன். தலைவர் ஹாவுக்கு அப்போதுதான் தான் கட்டளையிட்டது என்னவென்று புரிந்தது. பாவம், நாற்காலியைத் தேடினார். செயலர் பெய் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, “இன்னொரு தடவ ஓடு,” என்றார். ஓடினேன். அவருக்காக மட்டும், மேளம் இல்லாமல், வெறும் பலகையில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியை மாட்டாமலே வெளியே போய்விட்டார்.

பிறகு முடிவு வந்தது. நாடகம் பிராந்தியம் முழுமைக்கும் ஏற்கப்பட்டது! ஏற்கப்பட்டால் என்ன சட்டம் என்று உனக்குத் தெரியுமே: எல்லாக் கம்யூன் குழுக்களும் அதையே நடிக்க வேண்டும், மயிரிழைகூட மாற்றாமல். சட்டையில் கிழிசல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கிழிசல், வில்லி எந்தப் பக்கம் பிளாஸ்திரி ஒட்டினாளோ அந்தப் பக்கம்தான் பிளாஸ்திரி. மூன்றாம் காட்சி, வில்லி, குந்திய நிலை, ஐந்து சுற்று. அச்சில் வந்துவிட்டது அண்ணா! இனி யாராவது நிமிர்ந்து நடந்தால்தான் விதிமீறல். தலைவர் ஹாவ் இப்போது எல்லோரிடமும் சொல்கிறார்: “முழங்கால மடக்குன்னு முதல்ல சொன்னது நான்தான்.” சொல்லட்டும். நிஜம்தானே.

எனக்கு செங்கல் சூளை இல்லை. என் இடம் என்னுடையது. அதோடு ஒரு வேலையும் கூடியிருக்கிறது. ஒவ்வொரு கம்யூனிலிருந்தும் ஒரு வில்லியை அனுப்பியிருக்கிறார்கள், என்னிடம் படிக்க. தானியம் உலர்த்தும் களத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிலக்கிழார் மனைவிகள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிற கோவேறு கழுதை வண்டிக்காரர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். “வர்க்க எதிரி இவ்வளவு பேரா!” என்று ஒருவன் கேட்டான். “வளர்ந்துக்கிட்டு வராங்க, ஆனா குட்டையாத்தான்,” என்றேன்.

முதல் நாள் எல்லோரும் அழுதார்கள். இரண்டாம் நாள் படி ஏற முடியாமல் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டார்கள். இன்று ஒருத்தி, பன்றிப் பட்டியில் வேலை செய்கிறவள், பெயர் தியன் யூஏ, மூன்று சுற்று போய்விட்டாள். அங்கி கொஞ்சம் மிதந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நாலாம் சுற்றில் பொத்தென்று விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே கேட்டாள்:

“டீச்சரக்கா, இவ்ளோ கஷ்டப்பட்டு ஓடறது நாம. கடைசில ‘ஹாவ்’ அந்த ஆளுக்கா? இது என்ன நியாயம்?”

களம் முழுக்கச் சிரித்தது. நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். அவள் என்னைவிட உயரம்.

“ஊரு கடைசில யாருக்குக் கத்துதுங்கறது இருக்கட்டும். ஊரு யாரப் பாத்து மூச்சப் புடிச்சு வச்சிருந்துச்சு?”

கொஞ்சம் யோசித்தாள். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

“நம்மள.”

“அத அவனால வாங்க முடியாதுடி,” என்றேன். “அது நமக்கு மட்டுந்தான். போ, குந்து. நாலாவது சுத்து.”

சுயிலிங்